கனடா வதிவிடப் பாடசாலைகள்: இடாப்பு இருந்தும் கணக்கு ஏன் முடியவில்லை? காப்பகத்தில் வேலை செய்யும் ஒருவரின் பதில்

கேள்வி இதுதான்: "2021ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் வதிவிடப் பாடசாலை நிலத்தில் பிள்ளைகளின் அடையாளமில்லாத கல்லறைகள் 215 என்றார்கள், அப்புறம் 200 என்றார்கள், வேறொரு இடத்தில் 751 என்றார்கள். அரசாங்கப் பணத்தில் நடந்த பாடசாலைகள்தானே, இடாப்பு இருந்திருக்குமே? எத்தனை பூர்வகுடிப் பிள்ளைகள் இறந்தார்கள் என்று ஏன் ஒரு எண் சொல்ல முடியவில்லை? ஆவணங்களை ஒளித்து வைத்திருக்கிறார்களா?"

ஒன்ராறியோவில் ஆவணக் காப்பக வேலையில் பல வருடங்களாக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. நேரடியாகச் சொல்கிறேன். இடாப்பு இருந்தது. ஒழுங்காகவே இருந்தது. அதை எழுதியது மானியம் வாங்குவதற்காக. அதைப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

பின்னணியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1880களிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை ஏறத்தாழ 150,000 முதற்குடி, இனுயிட், மெட்டி எனும் பூர்வகுடிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு இந்தப் பாடசாலைகளில் தங்க வைக்கப்பட்டார்கள். பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தேவாலயங்களுடையது. பாதிக்கு மேல் கத்தோலிக்கச் சபைகள், மற்றவை ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரெஸ்பிட்டேரியன் சபைகள். 1920ல் பூர்வகுடிகள் பற்றிய "இந்தியன் சட்டத்தை"த் திருத்தி வருகையைக் கட்டாயமாக்கினார்கள். பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோருக்குத் தண்டனை இருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். 1892லிருந்து அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தது. எத்தனை பிள்ளையோ அத்தனை பங்கு. இந்த முறை 1957 வரை நீடித்தது. பணம் வர வேண்டுமென்றால் அதிபர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவத்தை நிரப்பித் தலைநகர் ஒட்டாவாவுக்கு அனுப்ப வேண்டும். காலாண்டு அறிக்கை என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இன்றைக்கு அது ஒட்டாவாவில் உள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தில், பூர்வகுடிகளை அன்று "இந்தியன்" என்றழைத்து நிர்வகித்த இந்தியன் விவகாரத் துறையின் பழைய கோப்புகளோடு ஆர்.ஜி. 10 என்ற தொகுதியில் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் வெறுமனே "ஆர்ஜி பத்து" என்பார்கள்.

ஒரு தாளை எடுத்து வைத்துப் பார்த்தால் அகலமான அச்சுப் படிவம். கோடு போட்ட கட்டங்கள். முதலில் பிள்ளையின் எண். அப்புறம் பெயர், வயது, எந்தக் குடியைச் சேர்ந்தவர், எத்தனை நாள் வந்திருந்தார். ஓரத்தில் குறிப்பு எழுதக் கொஞ்சம் இடம். கீழே அதிபரின் கையெழுத்து. பெரும்பாலும் அழகான கையெழுத்து. வருகை நாட்களைத் தேதிவாரியாகச் சரிபார்த்திருப்பார்கள், ஏனென்றால் அங்கே பிழை விட்டால் பணம் குறையும். பெயரில் அந்தக் கவனம் கிடையாது. ஒரே பிள்ளை ஒரு காலாண்டில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் அடுத்ததில் வேறொன்றிலும் வருவார். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி எழுதியது இன்னொன்று. மாறாமல் இருப்பது எண் மட்டும்தான். அதையும் நம்ப முடியாது. பிள்ளை போனபிறகு அந்த எண்ணைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்திருப்பார்கள்.

பிள்ளை இறந்தால் இந்தப் படிவத்தில் என்ன ஆகும்? நல்ல அதிபராக இருந்தால் குறிப்பில் ஒரு சொல், ஒரு தேதி. இல்லாவிட்டால் அடுத்த காலாண்டில் அந்த வரி இருக்காது, அவ்வளவுதான். படிவத்தைப் பொறுத்தவரை மானியத்துக்குரிய தலை ஒன்று குறைந்தது. ஏன் குறைந்தது என்பது ஒட்டாவாவுக்கு அவசரமான கேள்வியாக இருக்கவில்லை. காசநோய் முற்றிய பல பிள்ளைகளை வீட்டுக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ அனுப்பி "விலகல்" என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் இறந்தது பாடசாலைக் கணக்கிலேயே வராது.

ஒட்டாவாவுக்குத் தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1907ல் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் மேற்கு மாகாணங்களில் 35 பாடசாலைகளைப் பார்த்து, முன்னாள் மாணவர்களின் நிலை என்ன என்று ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். பதில் போட்டவை 15. அவற்றில் சொல்லப்பட்ட 1,537 பிள்ளைகளில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் உயிரோடு இல்லை. அந்தப் பதினைந்தில் முழுமையாகக் கணக்குக் கொடுத்தது என்று அவரே குறிப்பிட்டது ஒரு பாடசாலையை. அங்கே முன்னாள் மாணவர்களில் 69 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மறக்க முடியாத எண் இதுதான். பதிவு ஒழுங்காக இருந்த இடத்தில்தான் இறப்பும் அதிகமாகத் தெரிகிறது. மற்ற இடங்களில் குறைவாகத் தெரிவதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிரைஸின் பரிந்துரைகளைத் துறை ஒதுக்கி வைத்தது. ஓய்வு பெற்றபின் 1922ல் அவர் தானே ஒரு சிறு நூலாக எல்லாவற்றையும் வெளியிட்டார்.

அடுத்தது அழிப்பு. அலுவலகக் காகிதங்களை இத்தனை வருடம் வைத்திருந்து பிறகு கழிப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். நானும் அப்படிப்பட்ட பட்டியல்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் வைத்திருக்க எந்தக் கட்டடமும் போதாது. 1930களின் நடுவில் வந்த கொள்கைப்படி பாடசாலை அறிக்கைகளை 5 வருடத்திலும் விபத்து அறிக்கைகளை 10 வருடத்திலும் அழிக்கலாம் என்றானது. 1936க்கும் 1944க்கும் இடையில் மட்டும் இந்தியன் விவகாரத் துறையின் 200,000 கோப்புகள் போயின. மருத்துவர், தாதியர் அறிக்கைகளுக்குப் பின்னாளில் கொடுத்த ஆயுள் வெறும் 2 வருடம். ஒரு குமாஸ்தா சதி செய்து எரித்தார் என்று நினைத்தால் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பார். நடந்தது அதைவிடச் சாதாரணம். எது கழிக்கத்தக்கது என்று முடிவு செய்த மேசையில் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் யாரும் இல்லை. விபத்து அறிக்கை பத்து வருடத்துக்குப் பிறகு யாருக்குத் தேவைப்படும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டபோது, மனதில் இருந்தது துறை மட்டும். போதாததற்கு, பல பாடசாலைகள் தீப்பிடித்து எரிந்திருக்கின்றன. அலுவலக அறையும் கூடவே போனது.

சரி, எஞ்சியது எங்கே இருக்கிறது? ஒரே இடத்தில் இருந்தால் இந்தப் பதிலுக்கே தேவை இருக்காது. மானியக் கணக்கு ஒட்டாவாவில். ஞானஸ்நானம், அடக்கம் பற்றிய பதிவேடுகள் மறைமாவட்டங்களில். இறப்புச் சான்றிதழ் மாகாணப் பதிவகத்தில். மரண விசாரணை நடந்திருந்தால் அது மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில். ஓடிப்போன பிள்ளையைத் தேடிய கோப்பு பொலிஸில். காசநோய்ப் பிள்ளையின் அட்டை மூடப்பட்டுவிட்ட ஒரு மருத்துவமனையின் பெட்டியில். மிச்சம் துறவற சபைகளில். கம்லூப்ஸ் உட்பட 48 பாடசாலைகளை நடத்திய ஒப்லேட் சபையில் ஒவ்வொரு இல்லமும் ஒரு நாளேடு வைத்திருக்கும். பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். ஆயர் வந்தார், உருளைக்கிழங்கு அறுவடை நன்று, கடும் பனி என்று போகும் வரிகளுக்கு நடுவில் திடீரென்று ஒரு பிள்ளையின் அடக்கம் ஒரு வரியில் வரும். அந்த ஒரு வரிக்காக முழு நாளேட்டையும் வாசிக்க வேண்டும். கணினியில் தேடுசொல் போட்டால் கிடைக்கிற விஷயமில்லை.

பெயரே இரண்டு விதமாக இருக்கும் ஒரு பிள்ளையை இந்த ஐந்தாறு இடங்களிலும் தேடிப் பொருத்துவதுதான் இன்று நடந்துகொண்டிருக்கும் வேலை. இந்தப் பாடசாலைகள் பற்றி விசாரிக்க 2008ல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அதைத் தொடங்கியது. அரசாங்கமே ஏற்படுத்திய ஆணைக்குழு, அரசாங்கத்தின் காகிதங்களைப் பெறுவதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. தேசியக் காப்பகத்தில் உள்ளவற்றையும் அரசு தேடிக் கொடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோ நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொன்னது. 2015ல் இறுதி அறிக்கை வந்தபோது ஆணைக்குழுவின் இறப்புப் பதிவேட்டில் இருந்தவை ஏறத்தாழ 3,200. அவற்றில் 32 சதவீதத்துக்குப் பெயர் இல்லை. 49 சதவீதத்துக்கு இறப்பின் காரணம் இல்லை. அதற்குப் பிறகு ஆணைக்குழுவின் ஆவணங்களைப் பொறுப்பேற்ற, உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையம் வேலையைத் தொடர, எண்ணிக்கை 4,100ஐத் தாண்டிவிட்டது. புதிதாக யாரும் இறக்கவில்லை. புதிதாகப் பெட்டிகள் திறக்கப்பட்டன. எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

கம்லூப்ஸையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தரையை ஊடுருவும் ரேடார் காட்டுவது மண் கலைந்திருக்கும் இடத்தை. உள்ளே என்ன, யார் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் கம்லூப்ஸில் தேடுதலை நடத்திய முதற்குடி மக்களின் அறிக்கையே பிறகு "சாத்தியமான" என்ற சொல்லைப் போட்டு எண்ணை 200 என்று திருத்தியது. 751 என்ற எண் சஸ்காச்சுவானில் மரிவால் பாடசாலையை அடுத்த மயானத்தினுடையது. அங்கே பெரியவர்களும் இருக்கலாம் என்றும், 1960களில் கல்லறை அடையாளங்கள் அகற்றப்பட்டன என்றும் கவெசெஸ் முதற்குடித் தலைவர் அப்போதே சொன்னார். இந்தக் கவனமான பேச்சைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை" என்று எழுதுகிறவர்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவர்கள் ஆர்ஜி பத்தில் ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. பாடசாலையில் இறந்தவரை அடக்கம் செய்யும் செலவு பாடசாலையின் தலையில் என்பது துறையின் பொதுவான நடைமுறை. உடலைப் பல நூறு மைல் அனுப்பப் பாடசாலையிடம் பணம் இருக்காது. ஆகவே பக்கத்து நிலத்தில் மரச் சிலுவை நட்டு அடக்கினார்கள். மரச் சிலுவை எத்தனை குளிர்காலம் தாங்கும்?

ஒளித்து வைத்தார்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லத்தக்க இடங்கள் உண்டு. ஃபோர்ட் ஆல்பனியில் இருந்த சென்ட் ஆன்ஸ் பாடசாலை பற்றிய பொலிஸ் விசாரணை ஆவணங்களை அரசு கையில் வைத்துக்கொண்டே வெளியிடாமல் இருந்தது, 2014ல் நீதிமன்றம் உத்தரவு போடும் வரை. சில கத்தோலிக்கச் சபைகள் இழுத்தடித்தன. கம்லூப்ஸில் கற்பித்த சென்ட் ஆன் சகோதரிகள் சபை தன் காப்பகத்தைத் திறந்துவிட ஒப்பந்தம் போட்டது 2021 செய்திக்குப் பிறகுதான். ஒப்லேட் சபையின் ரோம் காப்பகத்தில் உள்ள படங்களைப் பார்க்க தேசிய மையத்தின் காப்பாளர் போனது 2022ல். ஆனால் என் அனுபவத்தில், ஒளித்து வைத்ததைவிடப் பெரிய விஷயம், திறந்தே கிடந்தும் யாரும் கேட்காமல் விட்டது.

உதாரணம் ஊட்டச்சத்துப் பரிசோதனைகள். 1948க்கும் 1952க்கும் இடையில் ஆறு பாடசாலைகளில் சுமார் ஆயிரம் பிள்ளைகளை வைத்து, அவர்களுக்கோ பெற்றோருக்கோ சொல்லாமல், அரசு விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்தார்கள். அவற்றில் ஒன்றான ஆல்பெர்னி பாடசாலையில் பால் போதாது என்று தெரிந்தே, ஒப்பிட ஒரு அடிப்படை வேண்டும் என்பதற்காக இரண்டு வருடம் நாளுக்கு 8 அவுன்ஸிலேயே வைத்திருந்து, அப்புறம் 24 ஆக்கினார்கள். ஈறுகளின் நிலைதான் அளவுகோல் என்பதால் பல் வைத்தியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். இந்தக் கடிதங்கள் எல்லாம் அரசுக் காப்பகத்தில் அறுபது வருடமாக இருந்தன. இயன் மோஸ்பி என்ற வரலாற்றாசிரியர் உணவுக் கொள்கை பற்றித் தேடும்போது அவை அகப்பட, 2013ல் வெளியிட்டார். அந்தப் பெட்டிகளை அடுக்கி, பட்டியலிட்டு, எண் போட்டவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். பட்டியலில் "ஊட்டச்சத்து" என்று போட்டிருப்போம். பிழையில்லாத விவரணை. அதை வைத்து ஆல்பெர்னியில் படித்த ஒரு பாட்டி தன் கதையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

இதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று காட்டிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் சூ செயின்ட் மேரி என்ற ஊரில் ஷிங்வாக் பாடசாலை 1970ல் மூடப்பட்டது. அதே கட்டடத்தில் இப்போது அல்கோமா பல்கலைக்கழகம். 1981ல் முன்னாள் மாணவர்கள் அங்கே ஒன்றுகூடினார்கள். அவரவர் வீட்டிலிருந்த படங்களைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஷிங்வாக் வதிவிடப் பாடசாலைகள் மையம். அரசாங்கமோ ஆணைக்குழுவோ கண் திறப்பதற்கு வெகு முன்னரே, பிழைத்து வந்தவர்களே தொடங்கிய காப்பகம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், காப்பகக்காரர்கள் வந்து மீட்டெடுத்தார்கள் என்ற தோரணையில் பேசுவது எங்கள் தொழிலில் ஒரு வியாதி.

அங்கே நடக்கும் முக்கியமான வேலை, படத்தில் இருப்பவருக்குப் பெயர் போடுவது. நிறுவனங்கள் எடுத்த படங்களில் கீழே "பிள்ளைகள், பாடசாலை முன்பு" என்றுதான் இருக்கும். நடுவில் நிற்கும் பாதிரியாருக்கு மட்டும் முழுப் பெயர். இந்தப் படங்களை ஆல்பமாகக் கட்டி முதியவர்கள் முன் வைக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சில நேரம் சப்பாத்தைப் பார்க்கிறார்கள், யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் மறுப்பார். தங்கை என்பார், இல்லை மச்சாள் என்பார். நாங்கள் இரண்டையும் எழுதிவைக்கக் கற்றுக்கொண்டோம். முன்பு என்றால் "உறுதிப்படுத்தப்படவில்லை" என்று விட்டிருப்போம். தேசியக் காப்பகமும் 2000களின் தொடக்கத்தில் நுனாவுட் இளைஞர்களோடு சேர்ந்து இதே மாதிரி ஒரு பெயர் சூட்டும் திட்டம் ஆரம்பித்தது. முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதால் இந்த வேலைக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும் என்பது என் கட்சி. மின்னாக்கம் காத்திருக்கலாம், பெட்டி எங்கும் போகாது.

இனி ஒரு சங்கடமான விஷயம். பாலியல் வன்முறைக்கும் கடும் உடல்ரீதியான வன்முறைக்கும் இழப்பீடு கேட்டு ஏறத்தாழ 38,000 விண்ணப்பங்கள் வந்தன, அவர்களில் பலர் தனிப்பட்ட விசாரணையில் சாட்சி சொன்னார்கள். ரகசியம் என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச வைத்தார்கள். அந்தப் பதிவுகளை என்ன செய்வது? வரலாற்றுக்காக வைத்திருக்க வேண்டும் என்று அரசும் தேசிய மையமும் வாதாடின. 2017ல் கனடா உச்ச நீதிமன்றம் மறுத்தது. 15 வருடம் வைத்திருந்து, சாட்சி சொன்னவர் விரும்பினால் பாதுகாக்கலாம், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் அழிக்கும் நாள் 2027 செப்டம்பர் 19.

காப்பகக்காரருக்கு "அழி" என்ற சொல் கசப்பு. இந்தப் பதிவுகள் போனால் மறுப்பவர்களின் வாய் இன்னும் நீளும் என்ற பயம் எனக்கும் உண்டு, சக ஊழியர்களோடு இது பற்றி நிறைய வாதாடியிருக்கிறோம். இருந்தாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஏழு வயதில் யாரும் சம்மதம் கேட்காமல் எண் போட்டுப் பதிந்த ஒருவரை, எழுபது வயதில் மறுபடியும் கேட்காமல் பதிந்து வைக்க எங்களுக்கு என்ன உரிமை? பொது நன்மை என்று நாங்கள் சொல்வதைத்தான் அன்றைக்குத் துறையும் சொன்னது. ஆணைக்குழு முன் தாங்களாகவே வந்து பேசிய 6,750க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் வேறு, அவை வின்னிபெக்கில் பத்திரமாக இருக்கின்றன. என் குறை வேறொரு இடத்தில்: விருப்பம் தெரிவிக்கலாம் என்ற செய்தி தொலைதூரச் சமூகங்களில் உள்ள முதியவர்களை, அவர்களுக்குப் புரியும் மொழியில், எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதில்.

இங்குள்ள தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. குடியுரிமைப் பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்த கையேட்டில் இந்தப் பாடசாலைகளும் அவற்றுக்காக 2008ல் அரசாங்கம் கேட்ட மன்னிப்பும் ஒரு சின்னப் பந்தியில் வரும். 2021 ஜூனுக்குப் பிறகு சத்தியப்பிரமாணம் எடுத்தவர்கள், பூர்வகுடிகளின் உரிமைகளை மதிப்பேன் என்று வாயால் சொல்லியே குடிமக்கள் ஆனார்கள். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் அதே ஆணைக்குழுதான். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு பிரான்ட்ஃபோர்ட் ஒன்றரை மணி நேர ஓட்டம். அங்கே பழைய மொஹோக் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தை உட்லண்ட் பண்பாட்டு மையம் காத்து வருகிறது. கொடுத்த கஞ்சியை வைத்துப் பிள்ளைகள் அதற்கு "மஷ் ஹோல்" என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டடத்தின் பின்சுவர்ச் செங்கற்களில் அவர்கள் கீறிய பெயர்களும் எண்களும் இன்னும் தெரியும். மானியப் படிவத்தைத் தவிர்த்து அந்தப் பிள்ளைகள் தாங்களே எழுதிய பதிவு என்று பார்த்தால் அந்தச் சுவர்தான். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஆவணம்.

கடைசியாக நடைமுறை விஷயம். உங்களோடு வேலை செய்யும் பூர்வகுடி நண்பர் யாராவது குடும்பத்தவரைத் தேடுகிறார் என்றால், மனிடோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பிழைத்து வந்தவர்களும் குடும்பத்தினரும் அங்கே ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம், பாடசாலைவாரியாக நினைவுப் பெயர்ப் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. பெயரில் கிடைக்காவிட்டால் பாடசாலையையும் உத்தேச வருடத்தையும் வைத்துக் கேட்கலாம். அதோடு அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்னென்ன பெயர் இருந்தது, ஞானஸ்நானம் எந்தப் பங்கில், பெற்றோரை மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று முதியவர்களிடம் கேட்டு முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்தால் எங்கள் வேலை பாதியாகும். ஒட்டாவாவின் காலாண்டு அறிக்கைகளில் நிறைய மின்படமாக்கப்பட்டிருக்கிறது. பிற்கால வருடங்களுக்குத் தனியுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும், விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். மாகாணப் பதிவகத்துக்குத் தனி விண்ணப்பம், மறைமாவட்டத்துக்குத் தனிக் கடிதம். பதில் வராவிட்டால் மறுபடி எழுதச் சொல்லுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு.